மோரே யாருக்கு எப்போது திறந்தது

தில்லியில் வேலை பார்க்கும் ஒரு தமிழ் இளைஞர் கேட்டிருப்பதன் சாரம் இது. அவருடைய தாத்தா 1960களில் பர்மாவிலிருந்து கப்பலில் சென்னை வந்து சேர்ந்தவர். தாத்தாவின் தம்பி மட்டும் சென்னையில் நிலைகொள்ளாமல் மணிப்பூர் வழியாகப் பர்மாவுக்கே திரும்பப் போக முயன்று, மோரே என்ற எல்லை ஊரில் தங்கிவிட்டதாகக் குடும்பத்தில் சொல்வார்கள். வெளியார் நுழைய முடியாத ஊராக இருந்த மோரே எந்த ஆண்டு பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது என்பது அவருடைய முதல் கேள்வி. தானும், ஆஸ்திரேலியக் குடியுரிமை பெற்ற தன் சித்தப்பாவும் அங்கே போய் அம்மன் கோயிலைப் பார்த்துவிட்டு, எல்லைக்கு அப்பால் இருக்கும் தமுவுக்கும் ஒரு நடை போய் வர முடியுமா என்பது இரண்டாவது.

முதல் கேள்விக்கு ஒற்றை ஆண்டைப் பதிலாகச் சொல்ல முடியாது. மோரேயைப் பொறுத்தவரை அருகிலுள்ள மலைவாழ் மக்களுக்கும், பிற இந்தியக் குடிமக்களுக்கும், வெளிநாட்டவருக்கும், சரக்குக்கும் தனித்தனி விதிகள் இருந்தன; ஒவ்வொன்றும் வெவ்வேறு ஆண்டில் தளர்ந்து, வெவ்வேறு ஆண்டில் இறுகியது. உங்கள் சின்னத் தாத்தாவுக்கு அடைபட்டிருந்ததும், உங்கள் சித்தப்பாவுக்கு இன்று அடைபட்டிருப்பதும் வேறு வேறு வழிகள். வெளிநாட்டவர் பதிவு, குடியுரிமை, நுழைவு அனுமதி தொடர்பான வழக்குகளைத் தில்லியில் பல ஆண்டுகளாக நடத்தி வருபவன் நான். ஆகவே சட்டம் பற்றி இங்கே எழுதுவதை உறுதியாகக் கொள்ளலாம். தமிழர் அங்கே குடியேறிய கதையோ பெரும்பாலும் வாய்மொழியாக வந்தது. அது வரும் இடத்தில் அப்படியென்றே குறித்துவிடுகிறேன்.

மோரே இம்பாலிலிருந்து சுமார் 110 கிலோமீட்டர் தென்கிழக்கே, தௌபால், பாலெல், தெங்நௌபால் வழியாக மலையேறி இறங்கும் சாலையின் கடைசியில் இருக்கிறது. 2016 வரை சந்தேல் மாவட்டத்தைச் சேர்ந்திருந்த ஊர், இப்போது தெங்நௌபால் மாவட்டத்தில் உள்ளது. 2011 கணக்கெடுப்பின்படி மக்கள்தொகை 16,847. எல்லைக்கு அந்தப் பக்கம் கூப்பிடு தூரத்தில் நம்பாலோங் சந்தை, அங்கிருந்து நான்கைந்து கிலோமீட்டரில் தமு நகரம். தமுவைத் தாங்கி நிற்பது கபாவ் பள்ளத்தாக்கு. எல்லை இந்த இடத்தில் வந்ததற்கே அந்தப் பள்ளத்தாக்குதான் காரணம் என்பதால், சற்றுப் பின்னோக்கிப் போக வேண்டியிருக்கிறது.

1826 பிப்ரவரியில் கையெழுத்தான யாண்டபோ உடன்படிக்கையோடு முதல் ஆங்கில–பர்மியப் போர் முடிந்தபோது, கபாவ் பள்ளத்தாக்கு மணிப்பூர் அரசரின் கையில் இருந்தது. பர்மிய அரசு அதை விட்டுக்கொடுக்க மறுத்தது. கடைசியில் 1834 ஜனவரியில் ஆங்கிலேயர் பள்ளத்தாக்கைப் பர்மாவுக்குக் கொடுத்துவிட்டு, மணிப்பூர் அரசருக்கு மாதம் 500 சிக்கா ரூபாய் ஈட்டுத்தொகை தர ஒப்புக்கொண்டார்கள். அப்போது மலையடிவாரத்தை ஒட்டி வகுத்த பெம்பர்ட்டன் கோடுதான், பின்னால் 1881இலும் 1896இலும் திருத்தங்களோடு அளந்து கல் நடப்பட்டு, சுதந்திரத்துக்குப் பிறகு 1967 மார்ச் 10 அன்று ரங்கூனில் கையெழுத்தான இந்திய–பர்மிய எல்லை ஒப்பந்தம் வரை தொடர்ந்தது. மலை ஒரு நாட்டுக்கும், அதன் காலடியிலுள்ள சமவெளி இன்னொரு நாட்டுக்கும் போனது; மலையிலும் சமவெளியிலும் உறவினர் வைத்திருந்த மக்களை யாரும் கேட்கவில்லை.

ஆனால் கோடு இருந்ததால் போக்குவரத்து நின்றுவிடவில்லை. 1937 ஏப்ரல் 1 அன்று நிர்வாக ரீதியாகப் பிரிக்கப்படும் வரை பர்மாவே பிரிட்டிஷ் இந்தியாவின் ஒரு மாகாணம்தான். தமிழர்கள் கடல் வழியாகவே ரங்கூனுக்குப் போனார்கள், வந்தார்கள். தமு வழித்தடம் அவர்கள் நினைவில் இடம்பிடித்தது 1942இல்தான். ஜப்பானியப் படை அந்த ஆண்டு மார்ச்சில் ரங்கூனைப் பிடித்ததும், கப்பல் கிடைக்காத இந்தியர்கள் கால்நடையாக வடக்கே நடந்தார்கள். தரைவழியாகவும் கடல்வழியாகவும் வெளியேறியவர்கள் நான்கைந்து லட்சம் பேர் இருக்கும் என்பது பொதுவாகச் சொல்லப்படும் மதிப்பீடு. இறந்தவர்களின் எண்ணிக்கை குறித்து இன்றுவரை ஒத்த கருத்து இல்லை. அவர்கள் நடந்த முக்கியப் பாதைகளில் ஒன்று தமுவிலிருந்து பாலெல் வரையிலான மலைப்பாதை, அதாவது இன்றைய மோரேச் சாலையின் முன்னோடி. ஐரோப்பியருக்கு ஒரு வழி, இந்தியருக்கு அதைவிட மோசமான வேறொரு வழி என்று அதிகாரிகள் பிரித்து அனுப்பியதாக அப்போதே காங்கிரஸ் தலைவர்கள் பகிரங்கமாகக் குற்றம் சாட்டினார்கள். இரண்டு ஆண்டுகள் கழித்து இதே சாலையில் எதிர்த்திசையில் இந்தியத் தேசிய ராணுவம் வந்து, பாலெல் விமான தளத்தைத் தாக்கியது. மலாயா ரப்பர் தோட்டங்களிலிருந்து சேர்ந்த தமிழர்கள் அந்தப் படையில் ஏராளமாக இருந்தார்கள். ஆகையால் 1960களில் இந்தப் பக்கம் வந்த தமிழர்களுக்கு இந்த வழி முற்றிலும் புதியதல்ல. வீட்டுப் பெரியவர்கள் வாயிலாகக் கேள்விப்பட்ட வழிதான்.

சுதந்திரத்துக்குப் பிறகு உருவான விதிகளை மூன்றாகப் பிரித்துப் பார்த்தால் குழப்பம் குறையும். முதலாவது, எல்லையை ஒட்டி வாழும் மலைவாழ் மக்களுக்கானது. 1950இல் கடவுச்சீட்டு விதிகளில் செய்த திருத்தத்தின் மூலம், இரு நாட்டையும் சேர்ந்த மலைவாழ் பழங்குடியினர் எல்லையின் இருபுறமும் 25 மைல், அதாவது 40 கிலோமீட்டர் வரை கடவுச்சீட்டோ விசாவோ இல்லாமல் போய்வர அனுமதிக்கப்பட்டார்கள். இதே வரம்பு 1968இல் மீண்டும் அறிவிக்கப்பட்டது. 2004இல் இந்தியா அதை 16 கிலோமீட்டராகக் குறைத்தது. கடந்து செல்லும் இடங்களும் அருணாசலத்தில் பாங்சாவ், மணிப்பூரில் மோரே, மிசோரமில் சோகாவ்தார் என்று மூன்றாக வரையறுக்கப்பட்டன. விதியின் வாசகத்தில் இந்தச் சலுகை மலைவாழ் பழங்குடியினருக்கு மட்டுமே உரியது. மோரேயில் பிறந்து வளர்ந்த தமிழருக்கோ, மார்வாடிக்கோ, நேபாளிக்கோ, இம்பால் பள்ளத்தாக்கின் மெய்தேய்க்கோ அதில் இடமில்லை. நடைமுறை வேறாக இருந்தது. மோரேயின் இரண்டாம் எண் எல்லை வாயிலில் அடையாள அட்டையைக் காட்டிச் சிறு கட்டணம் கட்டி, காலையில் போய் வாயில் மூடுவதற்கு முன் திரும்பிவிடும் ஏற்பாடு பல ஆண்டுகள் நடந்தது. சுற்றுலாவாக வந்த வெளிமாநிலத்தவர்கூட அப்படித்தான் தமு போய் வந்தார்கள். அது உரிமையாகக் கிடைத்ததல்ல, உள்ளூர் அதிகாரிகள் கண்டும் காணாமலும் விட்ட வசதி. பலரும் இந்த இரண்டையும் ஒன்றாக எண்ணிக்கொள்கிறார்கள். பிந்தையது எந்த நேரத்திலும் எவ்விதக் காரணமும் சொல்லாமல் நிறுத்தப்படலாம், நிறுத்தவும் பட்டது.

இரண்டாவது, பிற இந்தியக் குடிமக்களுக்கானது. நீங்கள் கேள்விப்பட்டதற்கு மாறாக, இந்தியக் குடிமகன் ஒருவர் மோரே போவதைத் தடுக்கும் சட்டம் 1950 முதல் 2019 முடியும் வரை இருக்கவில்லை. மணிப்பூர் சமஸ்தானமாக இருந்தபோது வெளியார் நுழைய அனுமதி முறை ஒன்று இருந்தது. 1949 அக்டோபர் 15 அன்று சமஸ்தானம் இந்தியாவோடு இணைந்து, மறு ஆண்டே அந்த முறை கைவிடப்பட்டது. அண்டையிலிருந்த நாகா மலைகளிலும், அன்று லூசாய் மலை என்று வழங்கிய மிசோ மலைகளிலும் 1873ஆம் ஆண்டின் வங்காளக் கிழக்கு எல்லை ஒழுங்குமுறைச் சட்டப்படி உள்கோட்டு அனுமதி (இன்னர் லைன் பர்மிட்), அதாவது வெளியார் உள்ளே நுழையப் பெற வேண்டிய அனுமதி, தொடர்ந்தது. மணிப்பூரில் அது இல்லை. பர்மாவிலிருந்து திரும்பிய தமிழர்கள் ஏன் மோரேயில் தங்க முடிந்தது, மிசோ மலைகளின் எல்லையில் ஏன் அப்படியொரு தமிழ்க் குடியிருப்பு உருவாகவில்லை என்பதற்கு இந்தச் சட்ட வேறுபாடு முக்கியக் காரணம் என்று நான் கருதுகிறேன். இது என் ஊகம்தான். ஆனால் 1942இலேயே பழகிய சாலை வசதியைத் தவிர இதற்கு இணையான வேறொரு காரணம் எனக்குத் தென்படவில்லை.

அந்தக் குடியேற்றத்தை இங்கேயே சொல்லிவிடுகிறேன். 1962 மார்ச் 2 அன்று ஜெனரல் நே வின் ஆட்சியைப் பிடித்தார். அடுத்த ஆண்டு வங்கிகளும், 1964இல் கடைகளும் வணிக நிறுவனங்களும் தேசியமயமாயின. அதே ஆண்டு மே மாதம் 50, 100 கியாட் தாள்கள் செல்லாதென்று அறிவிக்கப்பட்டன. கடையும் போய்க் கையிருப்பும் போன இந்தியர்கள் கப்பல் கப்பலாக வந்து இறங்கினார்கள். தமிழ்நாட்டில் அவர்களுக்காகப் பர்மா காலனிகள் உருவாயின, சென்னையில் 1969இல் பர்மா பஜார் தோன்றியது. இவ்வளவும் ஆவணப்படி உறுதியானவை. இதற்கு மேல் மோரேத் தமிழர்கள் சொல்வது: முகாம் வாழ்க்கையும், தமிழ்நாட்டின் வெயிலும், உறவுகளின் அலட்சியமும் பொறுக்காமல் சிலர் ரயிலேறி அசாம் வந்து, அங்கிருந்து மணிப்பூர் கடந்து பர்மாவுக்குள் நுழையப் பார்த்தார்கள், பர்மியக் காவலர்கள் திருப்பி அனுப்பினார்கள், மறுபடி முயலலாம் என்று எல்லையோரம் குடிசை போட்டவர்கள் அப்படியே ஊராகிவிட்டார்கள். நான் பேசிய குடும்பங்கள் ஏறக்குறைய ஒரே மாதிரிச் சொல்வதாலும், பர்மா அப்போது தன் எல்லையை மூடியிருந்தது தெரிந்த செய்தி என்பதாலும், இதை நம்பத் தடையில்லை. ஒரு காலத்தில் மோரேயில் பதினைந்தாயிரம், இருபதாயிரம் தமிழர்கள் இருந்தார்கள் என்று அடிக்கடி எழுதப்படுவதை மட்டும் அப்படியே ஏற்காதீர்கள். 2011இல் ஊரின் மொத்த மக்கள்தொகையே பதினேழாயிரத்தைத் தொடவில்லை.

எனவே உங்கள் குடும்பக் கதையில் வரும் மூடிய வாசல் மோரே அல்ல, தமு. உங்கள் சின்னத் தாத்தா இந்தியக் குடிமகனாகவோ, தூதரகத்தின் பயணச் சான்றோடு வந்தவராகவோ இருந்திருந்தால், மோரே வரை எந்த அனுமதியும் இல்லாமல் போயிருக்க முடியும். அதற்கு அப்பால் ஓரடி வைக்கச் சட்டத்தில் அவருக்கு வழியே இல்லை. நாற்பது கிலோமீட்டர் சலுகை அண்டை வீட்டுக் குக்கிக்கும் நாகாவுக்கும் இருந்தது, பர்மாவில் பிறந்த தமிழருக்கு இல்லை. பர்மாவில் பிறந்து, பர்மிய மொழி பேசி, பர்மியச் சோறு தின்று வளர்ந்தவர் என்பதற்கு அங்கே எந்த மதிப்பும் கிடையாது. இருந்தும் அவர்கள் அங்கே அங்காள பரமேஸ்வரிக்கும் முனீஸ்வரருக்கும் கோயில் எழுப்பினார்கள். எல்லைக்கு மிக அருகில் கோபுரத்தோடு நிற்கும் அந்தக் கோயில்தான் நீங்கள் பார்க்க விரும்புவது. தமிழ்ச் சங்கம் வைத்தார்கள். தமிழும் பர்மியமும் மெய்தேயும் இந்தியும் பேசத் தெரிந்தவர்கள் என்பதால் எல்லை வியாபாரத்தில் இடைத்தரகர்களாகவும் ஆனார்கள். தெருவில் பர்மிய நூடுல்ஸ் உணவான அத்தோவும் இட்லியும் அடுத்தடுத்த கடைகளில் கிடைக்கும் ஊர் அது.

மூன்றாவது, வெளிநாட்டவருக்கானது, உங்கள் சித்தப்பாவைப் பொறுத்தது. 1946ஆம் ஆண்டின் வெளிநாட்டவர் சட்டத்தின் கீழ் 1958இல் பிறப்பித்த பாதுகாக்கப்பட்ட பகுதிகள் ஆணை மணிப்பூர் முழுவதையும் தன் வரம்பில் கொண்டுவந்தது. அரசின் முன் அனுமதியின்றி எந்த வெளிநாட்டவரும் இம்பாலுக்குக்கூட வர முடியாது. பின்னர் தளர்த்தியபோதும், குழுவாக வரும் சுற்றுலாப் பயணிகளுக்கு இம்பால், லோக்தாக் ஏரி, கெய்புல் லம்ஜாவோ, மொய்ராங் நினைவகம், கோங்ஜோம் போன்ற சில இடங்கள் மட்டுமே அனுமதிப் பட்டியலில் இருந்தன. எல்லாம் பள்ளத்தாக்கில் உள்ளவை; மோரே அதில் இல்லை. பெரிய மாற்றம் 2011 ஜனவரி 1 முதல் வந்தது. மணிப்பூர், மிசோரம், நாகாலாந்து மூன்றையும் உள்துறை அமைச்சகம் சோதனை முறையில் ஓராண்டுக்கு அந்த ஆணையிலிருந்து விலக்கி வைத்து, பிறகு தொடர்ந்து நீட்டித்து வந்தது. ஆப்கானிஸ்தான், சீனா, பாகிஸ்தான் குடிமக்களுக்கும் அங்கே பூர்விகம் உள்ளவர்களுக்கும் விலக்கு இல்லை; மற்றவர்கள் வந்த 24 மணி நேரத்துக்குள் உள்ளூர்ப் பதிவு அதிகாரியிடம் பதிந்தால் போதும். வெளிநாட்டவருக்கு மோரே திறந்த ஆண்டு எது என்று கேட்டால் 2011 என்று தயங்காமல் சொல்லலாம். இந்த மூன்றில் தெளிவான தேதி உள்ளது இது ஒன்றுதான்.

சரக்கின் கதை சுருக்கமானது, ஆனால் ஊரின் உருவத்தை மாற்றியது அதுதான். 1994 ஜனவரி 21 அன்று கையெழுத்தான எல்லை வர்த்தக ஒப்பந்தம் 1995 ஏப்ரல் 12 அன்று மோரேயில் நடைமுறைக்கு வந்தது. தொடக்கத்தில் 22 பொருள்கள், அதுவும் பண்டமாற்றாக: கடுகு, பயறு வகைகள், பூண்டு, வெங்காயம், பாக்கு, வெற்றிலை, இஞ்சி, துடைப்பப் புல் என்று போகும் பட்டியல். அதைப் படித்தவர்கள் ஒரு கிராமச் சந்தையை ஒழுங்குபடுத்தியதாகவே நினைப்பார்கள். அந்தப் பட்டியலில் இல்லாத சீனப் போர்வையும் மின்னணுச் சாமானும்தான் இம்பால் கடைத்தெருவை நிரப்பின என்பது மணிப்பூரில் எல்லோருக்கும் தெரியும். 2001 பிப்ரவரியில் இந்திய எல்லைச் சாலை அமைப்பு கட்டிய தமு–கலேவா–கலேமியோ நட்புறவுச் சாலை, சுமார் 160 கிலோமீட்டர், திறக்கப்பட்டது. பொருள்களின் எண்ணிக்கை 62 வரை உயர்ந்தது. 2015 டிசம்பர் 1 முதல் பண்டமாற்று நிறுத்தப்பட்டு, வங்கி வழியாகப் பணம் செலுத்தும் வழக்கமான வர்த்தகமாக அது மாறியது. கணக்கில் முறையான மாற்றம்தான். சிறு வியாபாரிக்கு அது பெரும் சுமையாக விழுந்தது என்று மோரே வணிகர்கள் சொல்வதில் நியாயம் இருப்பதாகவே எனக்குப் படுகிறது. தலைச்சுமையாகக் கொண்டுபோய் மாற்றிக்கொண்டு வந்தவரிடம் ஏற்றுமதி–இறக்குமதிக் குறியீட்டெண் கேட்டால் என்ன செய்வார்? 2019 ஜனவரி 4 அன்று பிரதமர் இம்பாலிலிருந்து திறந்துவைத்த ஒருங்கிணைந்த சோதனைச் சாவடி பெரிய வணிகத்தை மனதில் வைத்துக் கட்டியது.

இப்போது இந்த இழைகளைச் சேர்த்துப் பாருங்கள். 2018 மே 11 அன்று இந்தியாவும் மியன்மாரும் தரைவழி எல்லை கடக்கும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. அதே ஆண்டு ஆகஸ்ட் 8 முதல் மோரே–தமு வாயில் கடவுச்சீட்டும் விசாவும் உள்ள எவருக்கும் சர்வதேச நுழைவு வாயிலாகத் திறந்தது. அதற்கு முன் விசா வைத்திருந்தாலும் தமு வழியாகப் போக மியன்மார் அரசின் தனி அனுமதி வேண்டும். உங்கள் சின்னத் தாத்தாவின் வழித்தோன்றல்கள் தமுவைத் தாண்டி மாண்டலே வரை சட்டப்படி தரைவழியாகப் போகக்கூடிய நிலை அன்றுதான் வந்தது. அந்த நாளில் மலைவாழ் மக்களுக்கு 16 கிலோமீட்டர் சலுகை உண்டு, இந்தியருக்கு மணிப்பூர் வர அனுமதி தேவையில்லை, வெளிநாட்டவருக்குப் பாதுகாக்கப்பட்ட பகுதி ஆணையிலிருந்து விலக்கு உண்டு, சரக்குக்கு வழக்கமான வர்த்தகம் உண்டு. நான்கும் ஒருசேரத் திறந்திருந்த காலம் 2018 ஆகஸ்ட் தொடங்கி 2019 டிசம்பர் முடிய, பதினேழு மாதங்களுக்குச் சற்றுக் குறைவு. எல்லோருக்குமாக மோரே திறந்த ஆண்டு எது என்று நீங்கள் வற்புறுத்திக் கேட்டால், நான் காட்டக்கூடியது அந்தச் சிறிய இடைவெளியைத்தான்.

பிறகு ஒவ்வொன்றாக மூடியது. 2020 ஜனவரி 1 முதல் 1873ஆம் ஆண்டுச் சட்டம் மணிப்பூருக்கும் விரிவாக்கப்பட்டு, வெளிமாநில இந்தியருக்கு உள்கோட்டு அனுமதி கட்டாயமானது. வெளியார் பெருகித் தாம் சிறுபான்மையாகிவிடுவோம் என்ற மெய்தேய் மக்களின் நெடுநாள் அச்சமும், உள்கோட்டு அனுமதி கேட்டு நடந்து 2015இல் உச்சத்துக்குப் போன போராட்டமும், குடியுரிமைத் திருத்தச் சட்டத்துக்கு எழுந்த எதிர்ப்பைத் தணிக்க 2019 டிசம்பரில் மத்திய அரசு எடுத்த முடிவும் அதன் பின்னணி. அந்த அச்சத்தை நான் அலட்சியமாகப் பேசமாட்டேன். ஆனால் அதன் ஒரு விளைவு தமிழர்கள் கவனிக்க வேண்டியது: யார் மணிப்பூரின் மண்ணின் மக்கள் என்று முடிவு செய்ய 1961ஐ அடிப்படை ஆண்டாகக் கொள்ள 2022 ஜூனில் மாநில அமைச்சரவை ஒப்புதல் தந்தது. மோரேத் தமிழர்களில் பெரும்பாலோர் வந்தது 1964க்குப் பிறகு. மூன்று தலைமுறையாக அந்த ஊரிலேயே வாழ்பவர்களை அந்த ஆண்டு வரையறை வெளியாராக நிறுத்தக்கூடும்.

2020 மார்ச்சில் கொரோனாவுக்காக எல்லை வாயில்கள் மூடப்பட்டன. 2021 பிப்ரவரி 1 அன்று மியன்மாரில் ராணுவம் ஆட்சியைக் கைப்பற்றியது. தமு வட்டாரமே சண்டைக்களமாகி, அகதிகள் இந்தப் பக்கம் வந்தார்கள். தில்லியின் விகாஸ்புரி, ஜனக்புரிப் பகுதிகளில் நெடுங்காலமாக வசிக்கும் சின் இனத்தவரைப் பார்த்திருப்பீர்கள். மிசோரம், மணிப்பூர் எல்லைகளுக்கு அப்பாலுள்ள மலைகள்தான் அவர்களுடைய சொந்த ஊர். 2023 மே 3 அன்று மணிப்பூரில் மெய்தேய்–குக்கி மோதல் வெடித்தபோது மோரேயும் எரிந்தது. அங்கிருந்த மெய்தேய் மக்கள் வெளியேற வேண்டியதாயிற்று. அந்த ஆண்டு அக்டோபர் 31 அன்று அங்கே ஒரு காவல் துறை அதிகாரி சுட்டுக் கொல்லப்பட்டார். 2024 பிப்ரவரியில் 1,643 கிலோமீட்டர் எல்லை முழுவதும் வேலியிடப்படும் என்றும், மலைவாழ் மக்களுக்கான 16 கிலோமீட்டர் சலுகையான தடையற்ற நடமாட்ட ஏற்பாடு ரத்தாகும் என்றும் மத்திய உள்துறை அமைச்சர் அறிவித்தார். வேலி முதலில் எழுந்த இடம் மோரே. சுமார் பத்துக் கிலோமீட்டர் அதற்குள் முடிந்திருந்தது. அந்த டிசம்பரில் வந்த புதிய நடைமுறைப்படி சலுகை முற்றாக நீங்கவில்லை: எல்லையிலிருந்து 10 கிலோமீட்டருக்குள் வசிப்பவருக்கு, ஏழு நாள் செல்லும் எல்லைச் சீட்டு, குறிப்பிட்ட 43 கடவு இடங்கள் வழியாக. அதே மாதம் வெளிநாட்டவருக்கான பாதுகாக்கப்பட்ட பகுதிக் கட்டுப்பாடும் மணிப்பூர், மிசோரம், நாகாலாந்து மூன்றிலும் மீண்டும் வந்தது. 2025 செப்டம்பர் 1 முதல் 1946ஆம் ஆண்டுச் சட்டம் போய்க் குடிநுழைவு மற்றும் வெளிநாட்டவர் சட்டம், 2025 வந்திருக்கிறது. பெயர் மாறியதால் இந்தக் கட்டுப்பாடு தளர்ந்துவிட்டது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

உங்கள் பயணத்துக்கு வருகிறேன். இந்தியக் குடிமகனான நீங்கள் உள்கோட்டு அனுமதி பெற்று இம்பால் போகலாம். இணையத்திலும் இம்பால் விமான நிலையத்திலும் அதற்கு வழி உண்டு. சாணக்யபுரியில் உள்ள மணிப்பூர் பவனில் முன்கூட்டியே விசாரித்துக்கொள்வது நல்லது. இம்பாலிலிருந்து மோரே வரையிலான சாலை ஒரு சமூகத்தின் பகுதியிலிருந்து மற்றொரு சமூகத்தின் பகுதிக்குள் போகிறது. குதெங்தாபி உள்ளிட்ட இடங்களில் சோதனை உண்டு. வண்டி ஓட்டுபவர் எந்தச் சமூகத்தவர் என்பதுகூட அங்கே பொருட்படுத்த வேண்டிய விஷயமாகிவிட்டது. புறப்படும் வாரத்தில் மோரேத் தமிழ்ச் சங்கத்தாரிடம் கேட்டு, அவர்கள் வரலாம் என்று சொன்னால் மட்டும் போங்கள். சட்டம் அனுமதிக்கிறது என்பது சாலை அனுமதிக்கிறது என்று ஆகாது. இந்த இடத்தில் என் தொழிலறிவு உங்களுக்கு உதவாது.

உங்கள் சித்தப்பாவின் நிலை வேறு. வெளிநாடுவாழ் இந்தியக் குடிமகன் (ஓ.சி.ஐ.) என்ற நீல அட்டை கையில் இருந்தாலும் பாதுகாக்கப்பட்ட பகுதிக்கு அவர் வெளிநாட்டவர்தான். தனி அனுமதி இல்லாமல் இம்பாலில் இறங்கினால் விமான நிலையத்திலேயே சிக்கல் எழும். என்னிடம் வருபவர்களில் அதிகம் பேர் தடுமாறும் இடம் இது. அந்த அட்டையில் வாழ்நாள் விசா என்று இருப்பதால் எங்கும் போகலாம் என்று எண்ணிவிடுகிறார்கள். விண்ணப்பத்தை அவர் ஆஸ்திரேலியாவிலிருந்தே இந்தியத் தூதரகம் வழியாகவோ, தில்லி வந்தபின் ஆர்.கே.புரத்தில் உள்ள வெளிநாட்டவர் பதிவு அலுவலகம் வழியாகவோ தொடங்க வேண்டும். மோரே என்று எழுத்தில் குறிப்பிட்டுக் கேட்க வேண்டும், மணிப்பூர் என்று மட்டும் எழுதினால் போதாது. இன்றைய சூழலில் எல்லை ஊருக்கு அனுமதி கிடைக்கும் வாய்ப்பு குறைவு என்பதையும் அவரிடம் முன்னதாகவே சொல்லிவிடுங்கள். தமுவைப் பற்றிய நினைப்பை இருவருமே இப்போதைக்கு ஒத்திவையுங்கள். பழைய ஒருநாள் சீட்டு இன்றைய விதிகளில் உங்களுக்குப் பொருந்தாது.

கடைசியாக ஒன்று, நீங்கள் கேட்காதது. சின்னத் தாத்தாவின் தடம் தேடுவதுதான் பயணத்தின் நோக்கமென்றால், மோரே போவதற்கு முன் வீட்டுப் பெட்டியைப் பாருங்கள். பர்மாவில் இந்தியர்களுக்குக் கொடுத்த எஃப்.ஆர்.சி. என்ற வெளிநாட்டவர் பதிவுச் சான்று, ரங்கூன் தூதரகம் தந்த பயணச் சான்று, தமிழ்நாட்டு மறுவாழ்வுத் துறை கொடுத்த குடும்ப அட்டை ஆகிய மூன்றில் ஒன்றாவது தாத்தாவிடம் இருந்திருக்கும். அதில் உள்ள ஊர்ப் பெயரும் தகப்பன் பெயரும் இருந்தால் மோரேயில் உள்ள பெரியவர்கள் தொலைபேசியிலேயே அடையாளம் சொல்லிவிடக்கூடும். அவர்கள் ஒருவரையொருவர் பர்மாவில் விட்டுவந்த ஊரின் பெயராலும் இன்னும் அறிவார்கள்.